ஒத்து ஊதுகிறவர் படத்தில் இல்லை

தமிழில் ஒருவரை நேரடியாகத் திட்டாமல் திட்ட மூன்று வழி உண்டு. ஒத்து ஊதுகிறான் எனலாம், ஜால்ரா போடுகிறான் எனலாம், பின்பாட்டுப் பாடுகிறான் எனலாம். மூன்றும் இசைக்குழுவிலிருந்து வந்த சொற்கள். மூன்றும் குழுவில் பின்னால் நிற்பவர்களின் வேலை. நாயனக்காரருக்கு, அதாவது நாதஸ்வரம் வாசிப்பவருக்குப் பின்னால் நின்று ஒரே சுரத்தை மணிக்கணக்கில் அறாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்தான் ஒத்துக்காரர். அவர் மூச்சு அறுந்தால் முன்னால் வாசிப்பவர் சுருதிக்கு எங்கே போவார்? ஆனாலும் ஊர் அவரை வசவாக்கி வைத்திருக்கிறது.

இந்த விஷயத்தில் கைப்பேசிக் கேமராவும் ஊர்ப் பக்கம்தான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கமானாலும் சரி, ஒரு பங்குனிப் பொங்கலில் நையாண்டி மேளம் (கரகாட்டத்துக்கு வாசிக்கும் நாயன, தவில் குழு) நடக்கும்போது மேளத்தைப் பார்க்காமல் களத்தைச் சுற்றி நிற்கிறவர்களின் கைகளைப் பாருங்கள். முப்பது நாற்பது திரைகள் எரியும். அத்தனையிலும் கரகம் வைத்து ஆடுகிறவர் இருப்பார், இல்லாவிட்டால் குனிந்து நிமிர்ந்து வாசிக்கும் தவில்காரர் இருப்பார். தமுக்கு என்ற தோல் கருவியை அடிக்கும் தமுக்குக்காரரைத் தேடினால் கிடைக்க மாட்டார். தாளம் போடுகிறவரின் முழங்கை ஏதோ ஒன்றில் ஓரமாக வந்து போகும்.

இணைய வீடியோ கிராமியக் கலையைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். அதுதான் காப்பாற்றியது என்றும் சொல்கிறார்கள். எனக்கு இந்த வழக்கில் பெரிய ஆர்வமில்லை. எனக்குப் படுவது வேறு: வீடியோ குழுவை அழிக்கவில்லை, குழுவிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கிறது. கூடிச் செய்கிற ஒன்றைத் தனியாளின் வித்தையாக மாற்றிக் காட்டுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதில் கொஞ்சம் ஒலி அறிவியலும், கொஞ்சம் கைப்பேசித் தொழில்நுட்பமும், நிறையப் பணக் கணக்கும் கலந்திருக்கின்றன.

முதலில் ஒரு செட்டு என்றால் என்ன என்று பார்க்கலாம். நையாண்டி மேளத்துக்கு வழக்கமாக இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு தாளம், சுருதிப் பெட்டி. உறுமி சேர்வதும் உண்டு. ஏழெட்டுப் பேர். இவர்கள் வரிசையாகவோ அரைவட்டமாகவோ நிற்பார்கள். இரண்டு நாயனம் ஆடம்பரத்துக்காக இல்லை. ஒருவர் மூச்செடுக்கும் இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்வார், அதனால்தான் கேட்கிறவருக்கு ஒலி அறாமல் வருகிறது. இரண்டு தவிலும் அப்படியே. ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பார், எடுத்ததைத் திருப்பி அடிப்பார், கடைசியில் இருவரும் ஒன்றாகத் தீர்மானத்தில் (சுற்றை முடித்துவைக்கும் அடிக்கோவையில்) வந்து விழுவார்கள். எப்போது நடை மாறுகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புருவம், தலையசைப்பு, தவில்காரரின் தோள். மற்றதெல்லாம் காது.

இப்போது கைப்பேசியை நிமிர்த்திப் பிடியுங்கள். ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் உரிய சட்டம் (ஃபிரேம்) ஒன்பதுக்குப் பதினாறு, நின்றவாக்கில். ஏழு பேர் பக்கவாட்டில் நிற்கும் வரிசை அதற்குள் அடங்காது. அடங்க வேண்டுமென்றால் கேமரா வெகுதூரம் பின்வாங்க வேண்டும், அப்போது ஆள் எல்லாம் எறும்பளவு. ஆகவே படம் எடுப்பவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு தமுக்குக்காரரை ஒதுக்கவில்லை. சட்டத்தின் அளவு ஒதுக்குகிறது. டிவிக்கார கேமரா படுக்கைவாக்கில் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை.

கேமரா முன்னால் நிற்பவரை மட்டும் காட்டுவது புதிதும் இல்லை. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் ஊதிய நாயனத்தின் ஒலி மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. மதுரை பொன்னுசாமிப் பிள்ளை வழியில் வந்தவர்கள். கண்ணுக்கு ஒரு முகம், காதுக்கு இன்னொரு மூச்சு. சினிமா அதைத் திட்டமிட்டுச் செய்தது. ரீல்ஸ் திட்டமில்லாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

ஒலியின் கணக்குக்கு வருவோம். குழு இசையின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். மதுரை வெயிலில் இன்னும் சற்றுக் கூடும். அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 3 மில்லி விநாடி. செட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான்கு மீட்டர் இருந்தால் 12 மில்லி விநாடி தாமதம். காது இதைத் தாமதமாகவே எண்ணாது. 25, 30 மில்லி விநாடி வரை மனிதர்கள் சேர்ந்து வாசித்துவிடுவார்கள். அதைத் தாண்டினால் சிக்கல். நான் உன் அடிக்காகக் காத்திருக்க, நீ என் அடிக்காகக் காத்திருக்க, காலப்பிரமாணம் (வாசிப்பின் வேகம்) இழுத்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாஃபேயும் அவர் கூட்டாளிகளும் இருவரைத் தனித்தனி அறையில் வைத்துக் கைதட்டச் சொல்லி இதைச் சோதித்திருக்கிறார்கள். தாமதம் 10 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தால் தட்டுகிறவர்கள் தம்மை அறியாமல் வேகம் கூட்டுகிறார்கள், அதற்குமேல் போகப்போக வேகம் குறைகிறது. அதாவது கொஞ்சம் இடைவெளி நல்லதுகூட. ஆட்டம் தறிகெட்டு ஓடாமல் பிடித்துவைக்கிறது.

வீடியோ அழைப்பில் இந்தத் தாமதம் சாதாரணமாக 150 மில்லி விநாடியைத் தொடும், தாண்டவும் செய்யும். எவ்வளவு என்று மதுரைக்காரருக்குச் சொல்ல வண்டியூர் தெப்பக்குளம் இருக்கிறது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி. கரையிலிருந்து மைய மண்டபம் சுமார் 140 மீட்டர். கரையில் தவிலும் மண்டபத்தில் நாயனமும் வைத்தால் ஒலி போய்ச்சேரவே 0.4 விநாடி ஆகும். அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள் இறங்கி நின்று வாசிப்பதுதான் வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிப்பது. தவிலில் விநாடிக்கு எட்டுச் சொல் (அடி) விழுகிறது என்று வையுங்கள். நடுத்தர வேகம்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 125 மில்லி விநாடி. தாமதம் அதைவிடப் பெரிது. எதிரில் இருப்பவர் அடித்தது உங்கள் காதுக்கு வருவதற்குள் அவர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். நீங்கள் அதற்குச் சொல்லும் பதில் அவருக்குப் போவதற்குள் இன்னும் ஒன்றிரண்டு.

இதை இணைய வேகம் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி தீர்க்கும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, ஆகவே மதுரைக்கும் சென்னைக்கும் இடையே இழையில் மட்டும் போகும் நேரம் சில மில்லி விநாடிதான். நேரத்தைத் தின்பது வழியில் உள்ள ரவுட்டர்களும், கைப்பேசி ஒலியைச் சுருக்கி விரிக்கும் வேலையும், வைஃபையும், புளூடூத் காதுக்கருவியும். ஜேக்ட்ரிப், ஜாமுலஸ் போன்ற மென்பொருட்கள் சுருக்கும் வேலையைக் குறைத்து, படத்தைக் கைவிட்டு, ஒலியை மட்டும் விரைவாக அனுப்புகின்றன. கம்பி இணைப்பும் தனி ஒலி அட்டையும் இருந்தால் ஒரே ஊருக்குள் ஓரளவு சேர்ந்து வாசிக்க முடியும். ஆனால் எந்த நையாண்டி மேளச் செட்டும் அப்படிச் செய்யப்போவதில்லை. செய்யத் தேவையும் இல்லை. பக்கத்து ஊர்தான், பைக்கை எடுத்தால் இருபது நிமிடம்.

ஊரடங்கில் வேறு வழியைப் பிடித்தார்கள். சேர்ந்து வாசிக்காமல் சேர்ந்து வாசித்ததுபோல் காட்டும் வழி. இது 2020இல் பிறந்ததில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010இலேயே 12 நாடுகளிலிருந்து 185 பேரைத் தனித்தனியே பாடிப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லி, ஒட்டித் தைத்து ஒரு கூட்டிசை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே யூடியூப், வீடியோவில் வாசித்துக் காட்டியவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சிம்பொனிக் குழு அமைத்து நியூயார்க் கார்னகி அரங்கில் வாசிக்க வைத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத்தக்கது. இரண்டாவதில் வீடியோ ஆட்களைச் சேர்த்துவைத்தது, சேர்ந்த பின் அவர்கள் ஒரே மேடையில் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தார்கள். முதலாவதில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கையசைத்து வழிநடத்தும் ஒருவரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு, காதில் ஒரு பின்னணிச் சுவடை (டிராக்) கேட்டுக்கொண்டு அவரவர் தனியாகப் பாடினார்கள். கூட்டம் எடிட்டரின் கணினியில் உண்டானது.

கோயில் பாட்டுக்கும் தேவாலயக் கீர்த்தனைக்கும் இந்த முறை ஒத்துவந்தது. காரணம், அவற்றில் எந்த அடியில் என்ன வரும் என்று முன்பே எழுதிவைத்திருக்கிறது. நான்கு குரல் பாடும் பாடகர் குழுவுக்குக் காதில் ‘டிக் டிக்’ என்று ஒரு சுவடு கொடுத்தால் போதும். மேளத்துக்கு அது ஆகாது. ஆலாபனைக்கு டிக் டிக் கிடையாது. நாயனக்காரர் ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் முதல் தவில் என்ன கேட்கும் என்பது தெரியாததால்தான் இரண்டாம் தவிலின் பதிலுக்கு அர்த்தம் இருக்கிறது. பதிலை முன்கூட்டிப் பதிவுசெய்தால் அது பதிலே இல்லை.

2020 மே 4இல் நடந்த மீனாட்சி திருக்கல்யாணம் ஒரு நல்ல உதாரணம். பக்தர்கள் கிடையாது, கோயிலுக்குள் சில சிவாச்சாரியார்கள் மட்டும். நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாகப் போனது. மதுரையில் திருக்கல்யாணத்தின்போது பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம், அந்த ஆண்டு வீட்டிலிருந்தே மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கணத்துக்கு அடையாளம் கெட்டிமேளம். ஆயிரம் பேர் கூடிய இடத்தில் ஒருவர் கையசைத்தால் தவில் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும், அட்சதை எல்லாத் திசையிலிருந்தும் ஒன்றாக விழும். அதுதான் கெட்டிமேளத்தின் வேலை, எல்லோருக்கும் ஒரே கணம் என்று ஆக்குவது. இணைய நேரலை எப்போதுமே பல நொடிகள் பிந்தித்தான் வரும். அதுவும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒவ்வொரு அளவு பிந்தும். ஆகவே ஒரே தெருவில் இந்த வீட்டில் கெட்டிமேளம் முடிந்த பிறகு எதிர்வீட்டில் தொடங்கும். சாமி கும்பிடுவதற்கு அதனால் குறை ஒன்றுமில்லை. மேளத்துக்குக் குறைதான்.

(நேரலையில் இன்னொரு குறையும் உண்டு, அதை அடைப்புக்குள் சொன்னால் போதும். நாயனம் நல்ல இடத்துக்கு வரும்போதுதான் வர்ணனையாளர்கள் தல வரலாறு சொல்லத் தொடங்குவார்கள். ஏனென்று தெரியவில்லை.)

அடுத்து மைக். கைப்பேசி பேசுவதற்காகச் செய்த கருவி. பேச்சைத் தெளிவாக்கப் பின்னணி ஒலியை வடிகட்டும் வேலை அதில், குறிப்பாக அழைப்புகளில், எப்போதும் நடந்துகொண்டிருக்கும். எது பின்னணி என்று அது எப்படி முடிவு செய்கிறது? மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எல்லாம் அதற்கு மின்விசிறிச் சத்தம். ஆகவே சுருதிப் பெட்டியை வெட்டிவிடும். தம்பூராவை வெட்டிவிடும். இணைய வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் இதில் மாட்டிக்கொண்டார்கள். வாத்தியார் பக்கம் சுருதி ஒலிக்கும், பிள்ளைக்குக் கேட்காது. ஜூம் செயலியில் ‘அசல் ஒலி’ என்ற அமைப்பைத் தேடிப்பிடித்துப் போட்ட பிறகுதான் தீர்ந்தது. ஊர் ஒத்துக்காரரை வசவாக்கியது, கருவி அவரை இரைச்சலாக்கியது.

தவிலின் சிக்கல் வேறு. அடி சட்டென்று எழும்பும் உச்சத்தைத் தாங்காமல் கைப்பேசி மைக் அதை வெட்டி, மொத்த ஒலியையும் அமுக்கிவிடும். பிறகு கேட்கிறவரின் கைப்பேசியில் உள்ள சின்ன ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைக் கிட்டத்தட்ட தரவே தராது. தவிலில் வலந்தலை (வலப்பக்கத்துக் கூர்ந்த ஒலி) கேட்கும், தொப்பி (இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி) காணாமல் போகும். உறுமியை இழுக்கும்போது வயிற்றுக்குள் வரும் அந்த முனகல் கேட்காது, குச்சி தோலில் உரசும் கரகரப்பு மட்டும் மிஞ்சும். நாயனமும் தாளமும் பளிச்சென்று இருக்கும். களத்தில் மேளத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தத் தாழ்ந்த ஒலிதான் நெஞ்சில் இடிப்பது. கைப்பேசியில் மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர் மேளம் என்றால் கீச்சென்று வேகமாக இருக்கும் என்று நினைத்தால் அவர்மீது தப்பில்லை. வாசிப்பவர்களும் இதை மெல்லப் புரிந்துகொள்கிறார்கள். திரையில் எடுபடும் சொற்கட்டை முன்னால் தள்ளுகிறார்கள், தொப்பியின் வேலை குறைகிறது.

நேரத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விடிய விடிய ஆடிய கரகாட்டத்தை வீடியோ வருவதற்கு முன்பே அது சுருக்கிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. டிக்டாக் கிராமங்களுக்குள் புகுந்தது, 2020 ஜூனில் தடையானது, அடுத்த மாதமே இந்தியாவில் ரீல்ஸ், செப்டம்பரில் ஷார்ட்ஸ். தொடக்கத்தில் ரீல்ஸுக்கு 15 நொடி, ஷார்ட்ஸுக்கு அதிகம் போனால் 60 நொடி. பிறகு இரண்டும் மூன்று நிமிடம் வரை நீண்டன, ஆனால் பழக்கம் முதலில் படிந்த அளவிலேயே நின்றுவிட்டது.

மூன்று மணி நேர மேளத்துக்கு ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. மெதுவாகத் தொடங்கும், சாமி பாட்டு, ஆட்டக்காரர்கள் வருவது, நையாண்டிப் பேச்சு, சினிமாப் பாட்டு, தவில்களின் மோதல். உச்சத்துக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் கூட்டத்தைப் பழுக்க வைக்க வேண்டும். முப்பது நொடியில் உச்சத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் பார்க்கிறவருக்கு அது மட்டுமே மேளம். அடுத்த திருவிழாவில் அவர்தான் விழாக் கமிட்டியில் இருப்பார். எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் கேட்பார்.

புக்கிங் முறையும் மாறிவிட்டது. முன்பு கமிட்டிக்காரர்கள் வேறொரு ஊர்த் திருவிழாவுக்குப் போய், நின்று முழுசாகக் கேட்டு, அங்கேயே அச்சாரம் கொடுப்பார்கள். அப்படிக் கேட்கும்போது அவர்கள் கேட்டது செட்டை. இப்போது வாட்ஸ்அப்பில் இரண்டு வீடியோ கேட்கிறார்கள். அனுப்புவது யாரோ ஒருவரின் உச்சக் கணம். விளைவு, அந்த ஒருவருக்குப் பெயர் வருகிறது, அவர் செட்டுக்குச் செட்டு போகத் தொடங்குகிறார். வருடக்கணக்காக ஒன்றாக வாசித்துப் பழகிய ஏழு பேர் என்பது போய், பெயர் எடுத்த ஒரு தவில், அன்றைக்குக் கிடைத்த மற்றவர்கள் என்றாகிறது. தீர்மானம் சேர்ந்து விழாமல் தடுமாறும்போது காரணம் பெரும்பாலும் இதுதான். கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்கிற மீதிப் பேர் வயசானவர்கள்.

கல்யாண வீட்டில் இது இன்னும் வெளிப்படை. மண்டப வாசலில் மாப்பிள்ளை வரும் ‘என்ட்ரி’ தான் வீடியோவின் மையம். அதற்குக் கேரளத்துச் செண்டை மேளம் நன்றாக எடுபடுகிறது. ஒரே உடையில் பத்துப் பதினைந்து பேர், ஒரே அசைவு, அகலமான காட்சி, டிரோனில் இன்னும் அழகு. செண்டையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது தன்னளவில் பெரிய குழுக்கலை. ஆனால் திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் செண்டை ஒலிக்கக் காரணம் இசை ரசனையைவிட மற்றக் கல்யாண வீடியோக்கள்தான். ஒரு வேடிக்கை பாருங்கள். குழுவாக நிற்பதே காட்சியாக இருந்தால் கேமரா குழுவை விரும்புகிறது. காதுக்காகக் கூடி நிற்கும் நம் செட்டு, கண்ணுக்குக் குழுவாகத் தெரியாத குற்றத்துக்காக ஓரமாக உட்கார்கிறது.

மெல்லிசைக் குழுக்கள் பாடு சீக்கிரம் சொல்லிவிடலாம். வயலின், டிரம்பெட், தபலா, கித்தார் என்று மேடை நிறைய ஆள் வைத்து நடந்த கச்சேரியை முதலில் கீபோர்டு சுருக்கியது. பிறகு இணையத்தில் எந்தப் பாட்டுக்கும் பாடகர் குரல் நீக்கிய கரோக்கிச் சுவடு கிடைக்கத் தொடங்கியது. இப்போது ஒரு மடிக்கணினி, இரண்டு மைக், ஒரு பாடகர், ஒரு பாடகி. கச்சேரி முடிந்தது.

பணம் யாருக்குப் போகிறது? களத்தில் முக்காலி போட்டு, முழு நிகழ்ச்சியையும் எடுத்து யூடியூபில் ஏற்றுகிறவர் பெரும்பாலும் வீடியோக்காரர். சேனல் அவருடையது. அது விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற, 2018 விதிப்படி, ஆயிரம் சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். திருவிழாவுக்குத் திருவிழா வெவ்வேறு செட்டுகளைப் படம் பிடிக்கிறவர் அதை எட்டுவார். ஒரு செட்டு தன் வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு எட்டுவது கடினம். வாசித்தவர்களுக்கு அன்றைய கூலியோடு சரி. அதிலும் பின்னால் நிற்பவருக்குக் குறைந்த பங்கு.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமை தருகிறது, 50 ஆண்டுகளுக்கு. 2012 திருத்தம் அதை இன்னும் விரித்தது. அவர் சம்மதம் இல்லாமல் நிகழ்ச்சியைப் பதிவுசெய்து பொதுமக்களுக்கு வெளியிட முடியாது. இந்த உரிமை தமுக்குக்காரருக்கும் உண்டு, நாயனக்காரருக்கு மட்டும் இல்லை. களத்தில் யாராவது கையெழுத்து வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

இதில் இன்னொரு முடிச்சு. செட்டு சினிமாப் பாட்டு வாசிக்கும். வாசிக்காமல் ஊர் விடாது. கல்யாண ஊர்வலத்திலும் மதச் சடங்கிலும் பாட்டு வாசிப்பது உரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தெருவில் கிடைத்த விலக்கு இணையத்துக்குத் தானாக வந்துவிடாது. யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி முறை ஏற்றிய வீடியோவைத் தானே சோதித்து, பாட்டு இன்னாருடையது என்று கண்டால் விளம்பரப் பணத்தை உரிமைக்காரருக்குத் திருப்பிவிடும். ஆக, செட்டு தானே சேனல் தொடங்கினாலும் கூட்டம் விரும்பிப் பார்க்கும் பாட்டின் வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகலாம். தவில் தனி போட்டால் பிரச்சினை இல்லை. அங்கேயும் பாருங்கள், தனியாள்தான் தப்பிக்கிறார்.

கற்றுக்கொள்வதில் வீடியோ செய்த நன்மையை மறைக்கக் கூடாது. பசுமலை அரசு இசைக் கல்லூரிக்குப் போக வாய்ப்பில்லாத, வீட்டில் யாரும் மேளக்காரர் இல்லாத ஒரு பையன், பெரிய வித்வான்களின் தவிலை யூடியூபில் பாதி வேகத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு சொல்லாக எடுக்க முடிகிறது. முன்பு அந்தச் சொல்லைக் காதால் பிடிக்க அவர் பின்னால் ஊர் ஊராகப் போக வேண்டும். கேள்வி ஞானம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு வசதி வரும் என்று யார் நினைத்தார்கள்.

ஆனால் பின்னால் போனவன் சும்மா போகவில்லை, ஒத்து ஊதிக்கொண்டு போனான், தாளம் போட்டுக்கொண்டு போனான். அதுதான் அவனுடைய வகுப்பறை. ஒத்துக்கு விரல் வேலை இல்லை. அதனால் காது முழுக்க முன்னால் இருக்கும். நாயனக்காரர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், தவில் எப்போது விட்டுக்கொடுக்கிறது, கூட்டம் எப்போது அலுக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். இந்த இருக்கையை முதலில் ஒழித்தது வீடியோ இல்லை, மின் சுருதிப் பெட்டி. ஒரு ஆள் கூலி மிச்சம், பேருந்தில் ஒரு இடம் மிச்சம். வீடியோ வந்தபோது பையனுக்கு உட்கார இடமே இல்லாமல் போயிருந்தது. வித்தை கையில் வருகிறது. விட்டுக்கொடுப்பது வருவதில்லை. புதிதாக மேடையேறும் பிள்ளைகள் தனியாக அசத்திவிட்டு, நாயனம் தொடங்கியதும் அமுக்கி வாசிக்கத் தெரியாமல் அதன்மேல் ஏறி அடிப்பதைப் பார்க்கும்போது பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பறை மட்டும் இந்தக் கதையில் சற்று வேறு வழியில் போகிறது. சாவு வீட்டுக்கும் சாதிக்கும் கட்டிவைத்திருந்த வாத்தியம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அது யூடியூப் பிறப்பதற்கு முந்திய காலம். மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இடையில் நடந்த பரவலில் வீடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரி மாணவர்கள், பெண்கள், வெளிநாட்டுத் தமிழர்கள் என்று இன்று பறை எடுப்பவர்களில் பலர் முதலில் அதைப் பார்த்தது திரையில்.

பறை ஏன் தப்பித்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. பறையாட்டத்தில் வரிசையும் வட்டமும்தான் ஆட்டம். அடவு எல்லோர் காலிலும் ஒன்றாக விழ வேண்டும். ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தால் வீடியோ எடுபடாது. ஆகவே கேமரா வேறு வழியில்லாமல் பின்வாங்கி நின்று எல்லோரையும் எடுக்கிறது. கற்றுக்கொள்பவர்களும் தனியாக வீட்டில் பார்த்து அடித்துவிட்டு, ஒரு கட்டத்தில் ஆட்களைத் தேடிப் பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். தனியாகப் பார்த்ததில் சில கோளாறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கக் கேமராவில் எடுத்த வீடியோ சில நேரம் கண்ணாடி பிம்பமாக இருப்பதால், அடிக்குச்சியை இடக்கையிலும் சுண்டுக்குச்சியை வலக்கையிலும் பிடித்துப் பழகி வந்தவர்கள் உண்டு. ஆசான்கள் சிரித்துக்கொண்டே மாற்றிவிடுகிறார்கள். தோல் தளர்ந்தால் வைக்கோல் தீயில் காய்ச்சி ஏற்றுவது, வெயிலுக்கும் பனிக்கும் ஒலி மாறுவது இதெல்லாம் நேரில்தான்.

நையாண்டி மேளச் செட்டுகளிலும் சிலர் இப்போது தங்கள் வீடியோவைத் தாங்களே எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எடுப்பவர்களுக்கு ஒலியைப் பொறுத்தவரை செய்ய முடிந்தது ஒன்று உண்டு. கைப்பேசியைப் படுக்கைவாக்கில் வைத்து, ஏழெட்டு அடி தள்ளி, ஒலிபெருக்கிக்கு எதிரே இல்லாமல் நாயனத்துக்கும் தவிலுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்தில் நிறுத்தினால் தொப்பியும் ஓரளவு கேட்கும், தமுக்கும் தெரியும். முப்பது நொடித் துண்டை அதிலிருந்து பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

பெயர் போடுவதுதான் இன்னும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘மங்கள இசை’ என்று போட்டு ஒருவர் பெயரை எழுதி, பக்கத்தில் ‘குழுவினர்’ என்று முடிப்பது நம் பழக்கம். பத்திரிகையில் இடம் போதாது, சரி. யூடியூபில் வீடியோவுக்குக் கீழே விவரம் எழுத 5000 எழுத்து வரை இடம் இருக்கிறது. அங்கும் ‘குழுவினர்’ என்றுதான் எழுதுகிறார்கள்.